ஏழு தேசத்துப் புளி

பொம்மிடி ரயிலடியில் கூட்ஸ் ஷெட்டுக்கு எதிரே கிருஷ்ணப்பனின் புளி மண்டி இருந்தது. அங்கே மூட்டைகளுக்கு மார்க்கா போடுகிற வேலை அப்துல் ரஷீதுக்கு. எழுத்து வெட்டிய தகரத்தை மூட்டைமேல் வைத்து, கறுப்பு மையில் தோய்த்த துணிப் பந்தால் ஒற்றி எடுத்தால் மார்க்கா விழுந்துவிடும். கை இருக்கிற யாரும் செய்யலாம். ரஷீத் வாய் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே செய்வான், அவ்வளவுதான் வித்தியாசம். கம்பைநல்லூரில் பூட்டு ரிப்பேர் செய்தவர் மகன். திறக்காத பூட்டைக் கண்டால் அப்பனுக்குச் சோறு இறங்காது. புரியாத சொல்லைக் கண்டால் மகனுக்குச் சோறு இறங்காது. குடும்ப வியாதி, யாரைக் குறை சொல்ல?

எட்டாவது வரை படித்தவன் என்பதால் இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிப்பான். இருந்தும் அந்த விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது ஓர் எழுத்துகூடத் தெரியாத செல்லி. கடத்தூர்ப் பக்கத்துக்காரி. மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் மூத்தவள், அவள் வாய்க்குக் கிருஷ்ணப்பனே பயப்படுவார். அறுபத்து நாலாம் வருஷம் பங்குனியில், மண்டி கொள்ளாமல் புளி வந்து குவிந்திருந்த ஒரு மத்தியானம், கஞ்சியைக் குடித்துவிட்டு மூட்டைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஏம் பாயி, ஒவ்வொரு மூட்டைக்கும் வேற வேற தேசம்னு சொல்ற. எல்லாத்துலயும் தலை ஒண்ணாத்தான இருக்குது. வாலுதான மாறுது?"

ரஷீத் கையிலிருந்த துணிப் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். லண்டனுக்குப் போகிற மூட்டையில் டாமரிண்ட். பிரெஞ்சுக்காரன் ஊரான மார்சேய்க்குப் போவதில் டாமரின். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் டாமரிண்டோ. ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் டாமரிண்டே. மூன்று வருஷமாகத் தன் கையால் போட்ட மார்க்கா, ஒரு நாளாவது உறைத்ததா? இல்லை. அந்த நிமிஷத்தில் பிடித்தது அவனுக்குக் கிறுக்கு.

பின்னே என்ன? புளி என்கிறோம் நாம். ஓசூர் தாண்டினால் கன்னடக்காரருக்கு ஹுணசே. தெலுங்குக்காரருக்குச் சிந்தபண்டு. ரஷீத் வீட்டில் உருதுவில் இம்லி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே நாலு பேர். கடல் தாண்டிப் போன புளிக்கு மட்டும் இத்தனை தேசத்தில் ஒரே பேர் எப்படி வந்தது? யார் வைத்தது? அதற்கு என்ன அர்த்தம்? ராத்திரி முழுக்க மனைவி ஹசீனாவைத் தூங்கவிடாமல் கேட்டான். மூட்டைக்குள்ளே இருப்பது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் போதாதா, மேலே இருப்பதைப் பற்றி உங்களுக்கு என்ன என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போஸ்ட் ஆபீஸில் ராஜாமணி என்று ஒருவர் இருந்தார். நல்ல இங்கிலீஷ் எழுதுவார், எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். மூட்டை வாங்குகிற வியாபாரிகளின் முகவரி மண்டியில் இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஐயா, உங்கள் தேசத்தில் இந்தப் பொருளுக்கு என்ன பேர், அந்தப் பேர் எங்கிருந்து வந்தது, இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று ஆறு தேசத்துக்கு ஆறு கடிதம் கிளம்பியது. அனுப்பிய மறுநாளிலிருந்தே ரஷீத் தபால்காரர் பின்னால் போக ஆரம்பித்துவிட்டான்.

நாலு மாதம் கழித்து ஹாம்பர்க்கிலிருந்து முதல் பதில் வந்ததே, அன்றைக்கு மண்டியில் வேலை நின்றது. ராஜாமணி ஒரு மூட்டைமேல் ஏறி நின்று படித்தார். எங்கள் தேசத்தில் மருந்துக் கடையில் விற்கிறோம், மலச்சிக்கலுக்கு நல்லது என்று எழுதியிருந்தார் ஜெர்மன்காரர். பெண்கள் சிரித்த சிரிப்பில் புளிக் கொட்டை நாலு பக்கமும் தெறித்தது. மூன்று வேளையும் இதைத்தான் தின்கிறோம், நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று செல்லி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இத்தாலிக்காரர் சர்பத் போட்டுக் குடிக்கிறோம் என்று எழுதினார். மார்சேய்க்காரர், எங்கள் பாஷையில் இதே பேரில் ஒரு சின்னக் குரங்கும் உண்டு, ஆனால் அதற்கும் இதற்கும் உறவில்லை என்று எழுதினார். அதிலிருந்து ஒரு மாதம் கிருஷ்ணப்பன் ரஷீதை டாமரின் என்றுதான் கூப்பிட்டார்.

எல்லாம் வந்தது, கேட்டது மட்டும் வரவில்லை. பேர் எங்கிருந்து வந்தது? லண்டன்காரர் பிரெஞ்சுக்காரரைக் கேட்கச் சொன்னார். பிரெஞ்சுக்காரர், பழைய வைத்தியர்களின் லத்தீன் பாஷையிலேயே இந்தச் சொல் இருந்தது, இத்தாலியில் கேளுங்கள் என்றார். இத்தாலிக்காரர், எங்கள் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தது, அதற்கு மேல் தெரியாது என்றார். தெரியாத ஊரில் வழி கேட்டால் அடுத்த தெருவைக் கை காட்டுவார்களே, அதே கதை. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். ரஷீத் ஒரு நோட்டு வாங்கினான். எந்தத் தேசத்தில் என்ன பேர், எந்தத் தேதி எந்தக் கூட்ஸ் வண்டியில் எத்தனை மூட்டை போனது என்று ஒன்று விடாமல் எழுதினான். கடிதங்களை ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டுப் பூட்டினான். ஆறு வருஷம் இப்படியே போனது. இடையில் ஹசீனாவுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். டப்பாவைத் தொட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்பதுதான் அதுகள் முதலில் கற்றுக்கொண்ட பாடம்.

எழுபதாம் வருஷம் புரட்டாசியில் ஏழாவது தேசம் வந்தது. கிரேக்க தேசத்துத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கிழவர், ரஷீதின் கேள்வியை யாரோ சொல்லிக் கேட்டு, தானாகவே எழுதியிருந்தார். இப்போது நாங்களும் மற்றவர்கள் மாதிரியே சொல்கிறோம். ஆனால் என் தாத்தாவின் மருந்துக் கடையில் புளி இருந்த ஜாடிமேல் வேறு பேர் எழுதியிருக்கும்: ஒக்ஸிஃபீனிக்ஸ். ஒக்ஸி என்றால் புளிப்பு. ஃபீனிக்ஸ் என்றால் பேரீச்சை.

புளிப்புப் பேரீச்சை!

ரஷீதுக்குத் தலை கால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அர்த்தத்தோடு வந்த முதல் பேர். ஆனால் புளிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம்? அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் இருக்கிற சம்பந்தம்தான் என்றாள் ஹசீனா. தலைக்கு எண்ணெய் வைத்து முழுகச் சொன்னாள். அவன் முழுகினான். முழுகியும் கிறுக்கு போகவில்லை.

அடுத்த மாதம் நோன்பு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை ஜும்மாவில், பள்ளிவாசலில் தொழவைக்கிற கரீம் ஹஜ்ரத் நோன்பு திறப்பதைப் பற்றிப் பேசினார். பேரீச்சம்பழத்தால் திறப்பது சிறப்பு, கனிந்த பழத்துக்கு அரபியில் ருதப் என்பார்கள், அது கிடைக்காவிட்டால் காய்ந்த பழம், அதற்குத் தம்ர் என்று பேர் என்றார். வருஷா வருஷம் சொல்கிறதுதான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ரஷீதுக்குக் காதில் யாரோ ஓங்கி அறைந்தது போல இருந்தது.

தம்ர். டாமர். டாமரிண்ட். தம்ர்... இண்ட். தம்ர் ஹிந்த்.

ஜும்மா பேச்சின் நடுவில் எழுந்து நிற்கக் கூடாது. ரஷீத் எழுந்து நின்றுவிட்டான். ஹஜ்ரத் பேச்சை நிறுத்தி முறைத்தார். பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அதற்குமேல் அவன் காதில் ஒன்றும் விழவில்லை. தொழுகை முடிந்ததும் ஓடிப்போய் ஹஜ்ரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தம்ர் ஹிந்த் என்றால் என்ன என்று கேட்டான்.

இந்தியாவின் பேரீச்சம்பழம் என்றார் ஹஜ்ரத். அரபிக்காரர்கள் புளியை அப்படித்தான் சொல்வார்கள், நான் ஓதுகிற காலத்தில் கேட்டிருக்கிறேன், அதற்காகவா இந்த ஆர்ப்பாட்டம் என்றார் சாதாரணமாக.

அடப் பாவமே. ஆறு வருஷம், ஏழு தேசம், எத்தனை தபால்தலை. பதில் தெரிந்த மனிதர் பள்ளிவாசல் தெருவில் வாரத்துக்கு ஒரு தரம் அவனுக்கே ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைக் கேட்டிருக்கிறோம், பார்த்தது அன்றைக்குத்தான்.

ரஷீத் வெட்கப்படவில்லை. பறந்தான். மண்டிக்கு ஓடிவந்து, கொட்டை எடுத்து அழுத்திக் கட்டிய புளியில் ஒரு பிடி எடுத்துச் செல்லியிடம் காட்டினான். பழுப்பு நிறம், பிசுபிசுப்பு, பாளமாக ஒட்டிக் கிடக்கிறது. காய்ந்த பேரீச்சம்பழத்தை அழுத்தி வைத்தால் இப்படித்தான் இருக்கும். மரத்தையே பார்க்காத அரபிக்காரன் இதைக் கப்பலில் வாங்கிப் பார்த்தான், இந்தியாவிலிருந்து வந்த பேரீச்சை என்றான். கண்ணால் பார்த்துப் பேர் வைத்தவன் அவன். நாக்கில் வைத்துப் பார்த்துப் பேர் வைத்தவன் கிரேக்கன். மற்ற ஆறு தேசத்தாரும் அரபிக்காரன் சொன்னதையே அர்த்தம் தெரியாமல் பிடித்துக்கொண்டார்கள், வாலை மட்டும் தங்கள் நாக்குக்குத் தக்கபடி வெட்டியும் ஒட்டியும் வைத்துக்கொண்டார்கள். செல்லி கேட்டுவிட்டு, நான் அப்பவே சொன்னேனே என்றாள். நியாயந்தான், அவள்தான் சொன்னாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஓதக் கற்றுக்கொண்ட அரபி எழுத்தில், பக்கம் முழுக்கப் பெரிதாகத் தம்ர் ஹிந்த் என்று எழுதினான். ஊன்றி எழுதியதில் பேனா முள்ளே வளைந்தது.

சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யாது என்பதற்கு அடுத்த நாள் சாட்சி. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் கூடியிருந்த முப்பது பேருக்கும் பேரீச்சம்பழத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு துண்டு புளி கொடுத்தான், இதுவும் பேரீச்சைதான் என்று சொல்லி. விடிகாலையிலிருந்து காய்ந்த வயிற்றில் புளி இறங்கியது. முப்பது முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியதை நினைத்து ஊர் ரொம்ப நாள் சிரித்தது. ஹஜ்ரத் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு மடக்குத் தண்ணீரே போதும், உனக்கு ஆசையாக இருந்தால் தண்ணீருக்குப் பிறகு நீ புளி தின்னு, ஊருக்குக் கொடுக்காதே. ரஷீத் அந்தத் தீர்ப்பை அப்படியே பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து நோன்பு திறக்கும்போது முதலில் தண்ணீர், அப்புறம் ஒரு துளிப் புளி.

சும்மா கிடந்த சங்கை யாரோ ஒருவர் அடுத்த வருஷம் எடுத்து ஊதினார். எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி. எல்லையில் சண்டை வரும் போலப் பேப்பரில் தினமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். தருமபுரி போலீஸுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. பொம்மிடி ரயிலடியில் வேலை செய்கிற ஒரு துலுக்கனுக்கு வெளிநாடுகளிலிருந்து கடிதம் வருகிறது, ரயில் போகிற நேரத்தை நோட்டில் குறிக்கிறான் என்று. எழுதியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பெரியண்ணன் என்கிற அதிகாரி ஜீப்பில் வந்து, தகர டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

ரஷீதுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி மண்டிக்காரனுக்கே! விஷயம் தெளிகிற வரைக்கும் மார்க்கா மையைத் தொடாதே என்று கிருஷ்ணப்பன் சொல்லிவிட்டார், முகத்தைப் பார்க்காமல். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். தினமும் தண்ணீர்க் குடத்தோடு வந்து பேசிவிட்டுப் போகிற பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் மூன்று நாளாக வரவில்லை. மூத்த பெண், அப்பா டப்பாவை யார் எடுத்தாங்க என்று கேட்டபோது ஹசீனா அவளை அடித்தாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். தேசத் துரோகி என்று பேர் விழுந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? ரஷீத் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதிகாரி மண்டிக்கே வந்தார். கிருஷ்ணப்பன் நாற்காலி போட்டார். மேஜைமேல் டப்பா. ரஷீத் எதிரில் நின்றான். புளி தட்டுகிற பெண்கள் வேலை முடிந்தும் போகாமல் வாசலில் நின்றார்கள், முன்னால் செல்லி. பெரியண்ணன் கத்தவில்லை, மிரட்டவில்லை. கடிதங்களைப் படித்தேன், எல்லாம் புளியைப் பற்றித்தான் இருக்கிறது என்றார். அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"இதை மட்டும் தருமபுரியில ஒருத்தரை வெச்சுப் படிச்சேன். ஹிந்த்னு எழுதியிருக்காம். இந்தியாவைப் பத்தி அரபியில என்ன எழுதி வெச்சிருக்க? யாருக்கு?"

ரஷீத் அந்தப் பக்கத்தையே பார்த்தான். ஓர் ஊரையே உட்காரவைத்துப் பேசுகிறவனுக்கு ஒரு சொல் வரவில்லை. தன் சந்தோஷத்தையெல்லாம் கொட்டி எழுதிய பக்கம் அது, அதுவே தன் கழுத்துக்கு வந்துவிட்டதே என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. அந்த நேரத்தில் வாசலிலிருந்து செல்லியின் குரல் வந்தது.

"வாலு மாறுறதைச் சொல்லு பாயி. மொதல்லருந்து சொல்லு."

அவ்வளவுதான், பூட்டுத் திறந்தது. ரஷீத் சொல்ல ஆரம்பித்தான். லண்டன் என்றான், மார்சேய் என்றான். மேஜையை விட்டு நகர்ந்து மூட்டை மூட்டையாகப் போய் எழுத்தைத் தொட்டுக் காட்டினான். ஜெர்மன்காரன் மருந்தையும் பிரெஞ்சுக்காரன் குரங்கையும் சொன்னபோது பெண்கள் பழையபடி சிரித்தார்கள். எதிரில் இருப்பவர் அதிகாரி, தான் விசாரணையில் நிற்கிறவன் என்பதையே மறந்துபோய், இங்க வந்து பாருங்க சார் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தான். கிருஷ்ணப்பனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெரியண்ணன் எழுந்து அவன் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நடந்தார். கிரேக்கக் கிழவரின் ஜாடிவரை வந்தபோது பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்டது.

நோன்பு திறக்க வேண்டும், இரண்டு நிமிஷம் என்று கேட்டான். கிருஷ்ணப்பன் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று நாளாகப் பார்க்காத முகத்தை இப்போது பார்த்துக் கொடுத்தார். ரஷீத் தண்ணீரைக் குடித்தான். மடியிலிருந்து ஒரு துளிப் புளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வெறும் வயிற்றில் புளியா என்றார் பெரியண்ணன்.

"இதாங்க சார் அந்தப் பக்கத்துல இருக்கறது. தம்ர்னா பேரீச்சம்பழம். ஹிந்த்னா நம்ம நாடு. நம்ம நாட்டுப் பேரீச்சம்பழம்னு அரபிக்காரன் புளிக்குப் பேரு வெச்சான். அதைத்தான் ஏழு தேசத்துக்காரனும் சொல்றான். வாலு அறுந்தாலும் வளந்தாலும் உள்ள நம்ம நாட்டுப் பேரு இருக்குது. அவனுங்களுக்கே தெரியாதுங்க சார். நான் ஆறு வருஷம் கேட்டுக் கண்டுபிடிச்சேன்."

கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

பெரியண்ணன் பக்கத்தில் இருந்த லண்டன் மூட்டையைப் பார்த்தார். முதல் ஐந்து எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தார். ஐ, என், டி. கையை எடுத்தார், மறுபடி மறைத்துப் படித்தார். பிறகு கையை நீட்டி ஒரு துளிப் புளி கேட்டார். வாயில் போட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் செல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஜைக்குத் திரும்பி, காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். டப்பாவை மூடி, நோட்டை மேலே வைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க வூட்டுக்குப் போங்க பாய். நோம்பு நேரத்துல நிக்க வெச்சுட்டேன்."

வந்தபோது நீ என்றவர். அந்த ஒரு நீங்க-வைக் கேட்டு ரஷீதுக்கு அழுகை வந்துவிட்டது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் பாதை ஓரமாகவே வீட்டுக்கு ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. நஞ்சம்மாள் குடத்தோடு ஹசீனா பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி கத்தரிக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கிருஷ்ணப்பனே மைத் தட்டை எடுத்துவந்து வைத்தார். லண்டனுக்கு நாற்பது மூட்டை மத்தியானக் கூட்ஸில் போக வேண்டும். ரஷீத் தகரத்தை வைத்தான், ஒற்றினான், எடுத்தான். எடுத்துவிட்டு, தகரத்தை மறுபடி அதே இடத்தில் வைத்து, கடைசி மூன்று எழுத்தின்மேல் மட்டும் இன்னொரு தரம் மையை அழுத்தினான். அடுத்த மூட்டைக்கும் அப்படியே. பத்தாவது மூட்டைவரை பார்த்துக்கொண்டிருந்த செல்லிக்குப் பொறுக்கவில்லை. ஏன் பாயி, அந்த மூணுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு பூச்சு, மை தண்டமாப் போவுதே என்றாள்.

அவன் நிமிராமல் சொன்னான்.

"மழை பட்டாலும் கடல் தண்ணி பட்டாலும் அது அழியக் கூடாதுக்கா. இனிமே ஒருத்தரும் வந்து எங்கிட்ட அதைக் கேக்கக் கூடாது."

செல்லி எழுந்து வந்து, அடுத்த மூட்டையின் சாக்கைச் சுருக்கம் இல்லாமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.